வைத்தவனே எடுக்க வேண்டும்

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு மூன்றாவது கார் வந்து நின்றது.

எதிர்ப்புற மாமரத்து நிழலில் நின்றிருந்த தன் காரிலிருந்து கலாவதி இறங்கவில்லை. இருபத்தேழாம் எண் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த காரிலிருந்து ஓர் இளம் தம்பதி இறங்கினார்கள். கையில் ஏல அறிவிப்பின் நகல். கேட் வரை போனார்கள். அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பிறகு கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கார் திரும்பிப் போனது.

"மூணுக்கு மூணு," என்றான் கைருதீன். "நான் வீடு வித்த காலத்துல கூட இவ்ளோ வேகமா யாரையும் விரட்டினதில்ல, அக்கா."

கைருதீன் ஒரு காலத்தில் வீட்டுத் தரகன். ஈஜோக்கில் உள்ள இந்தத் தாமான் குடியிருப்பிலேயே மூன்று வீடுகள் விற்றிருக்கிறான். இப்போது விற்க வீடு நிறைய இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. எனவே கோலசிலாங்கூரில் பேக்கரிக்கு மேலே இருக்கும் கலாவதியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். கலாவதிக்கும் பழைய வேலை ஒன்று உண்டு. இருபது வருடம் நில மதிப்பீட்டாளர் ஒருவரிடம் கணக்கெழுதும் கிராணி.

வியாழக்கிழமை குமுதா அந்த அலுவலகத்துக்கு வந்திருந்தாள். ரவாங்கில் மருத்துவமனைத் தாதி. முப்பத்தாறு வயது. 2021இல் அவளும் அண்ணன் கணேஸ்வரனும் சேர்ந்து பேங்க் கடனில் இந்த வீட்டை வாங்கினார்கள். அப்போது கையுறைத் தொழிற்சாலைகள் இரவும் பகலும் ஓடின. வேலையாட்களுக்குத் தங்க இடம் போதவில்லை. எந்த வீட்டை வாங்கினாலும் மறுநாளே வாடகைக்குப் போனது. இரண்டு வருடத்தில் உலகத்துக்குக் கையுறை போதும் என்றாகிவிட்டது. தொழிற்சாலை ஒவ்வொரு பிரிவாக மூடியது. ஆட்கள் போனார்கள், வாடகை போனது. இந்த வரிசையில் மட்டும் பதினொரு கேட்டில் பேங்க் நோட்டீஸ் ஒட்டியது.

மற்ற பத்து வீடுகளும் இரண்டாவது அல்லது மூன்றாவது ஏலத்தில் போய்விட்டன. முதல் ஏலத்துக்கு யாரும் வருவதில்லை. ஒவ்வொரு முறை தவறும்போதும் விலை பத்தில் ஒரு பங்கு இறங்கும், அதற்காகக் காத்திருப்பார்கள். குமுதாவின் வீடு நான்கு முறை தவறிவிட்டது. ஐந்தாவது ஏலம் அன்றிலிருந்து எட்டாம் நாள். அதுவும் தவறினால் விலை மேலும் இறங்கும். வீடு போன பிறகு நிற்கும் மிச்சக் கடன் திவால் வரம்பைத் தாண்டும். அண்ணன் வேறு இரண்டு வீடுகளால் போன வருடமே திவால். அடுத்தது இவள்.

திவாலானவர் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. குமுதாவுக்குச் சிங்கப்பூர் மருத்துவமனையில் வேலை உறுதியாகியிருந்தது. அக்டோபர் முதல் தேதி சேர வேண்டும். ஏலம் ஒழுங்காக முடிந்தால் மிச்சத்தைத் தவணையில் கட்டலாம் என்று பேங்க் வழக்கறிஞர் ஒப்புக்கொண்டிருந்தார். இல்லையென்றால் வழக்கு.

ஏலம் ஏன் தவறுகிறது என்பது அவளுக்குத் தெரியும். கேட்டுக்கு உள்ளே ஒரு சாமி இருக்கிறது. மார்ச் மாதம் ஒரு காலையில் யாரோ வைத்துவிட்டுப் போனது. அவள் அதைப் பிடுங்கத் துணியவில்லை. கூலிக்கும் யாரும் பிடுங்க வரவில்லை. வைத்தவனே எடுத்தால்தான் குற்றம் இல்லை என்று பூசாரி சொல்லியிருந்தார். வைத்தவன் யார்? அதற்குத்தான் கலாவதி.

குமுதாவை அன்று காரில் கூட்டிவந்தது அவள் கணவன் செல்வா. கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து வேலை போனவன். வீட்டுக் காகிதங்கள் இருந்த கோப்பை அவன்தான் தூக்கி வந்தான். பேசவே இல்லை. எழுந்து போகும்போது மட்டும் ஒன்று கேட்டான். ஐந்தாவதும் தவறினால் ஆறாவது ஏலம் எத்தனை நாளில் வரும் என்று.

கலாவதி காரிலிருந்து இறங்கினாள்.

கேட்டில் பூட்டு தொங்கியது. துரு இல்லை, உடைத்த தடம் இல்லை. குமுதா கொடுத்த சாவியால் திறந்தாள். உள்ளே வலது மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். மேலெல்லாம் மஞ்சள். குங்குமம். பக்கத்தில் ஒரு சூலம், அதில் எலுமிச்சை மாலை. முன்னால் அகல் விளக்கு.

"முனீஸ்வரனா?" என்று கைருதீன் மெதுவாகக் கேட்டான்.

"அப்படித்தான் நினைக்கணும்னு வெச்சிருக்கான்."

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பெயர் கண்மணி. கலாவதி ஏல நோட்டீஸ் நகலை நீட்டியதும் வாங்க வந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டு, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். யார் வைத்தது என்று தெரியாது. மாலை மட்டும் வாராவாரம் மாறும். வெள்ளிக்கிழமைகளில். அவள் வேலைக்குப் போய் வருவதற்குள் புது மாலை ஏறியிருக்கும். தமிழர் வந்தால் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். மற்றவர்கள் கும்பிடாமல் போகிறார்கள். வாங்குகிறவர் யாரும் இல்லை.

"நீங்களும் வாங்காதீங்கம்மா," என்றாள். "ராத்திரி உள்ள யாரோ நடக்குற மாரி இருக்கு."

"வாடகை குடுக்குறாரா?" என்று கைருதீன் கேட்டான்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கலாவதி கல்லின் முன் குந்தி உட்கார்ந்தாள். அகலை எடுத்துப் பார்த்தாள். எண்ணெய் இருந்தது. திரி இருந்தது. திரியின் நுனி வெள்ளையாக இருந்தது.

கல்லைப் பார்த்தாள். கற்பூரம் ஏற்றிய கருப்பு எங்கும் இல்லை. தரையில் சாம்பல் இல்லை. ஆறு மாதமாக வாராவாரம் மாலை மாற்றுகிறவன், ஒரு தடவை கூட விளக்கு ஏற்றவில்லை.

"மஞ்சளைத் துடை," என்றாள்.

"நானா?"

"உன்னை ஒண்ணும் செய்யாது."

"எழுதிக் குடுத்திருக்காரா?"

அவள் காத்திருந்தாள். அவன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கைக்குட்டையை நனைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லின் பின்பக்கத்தைத் துடைத்தான். மஞ்சளுக்கு அடியில் சிமெண்ட். சிமெண்டில் சிவப்புச் சாயம். 14. அதற்குக் கீழே 1987.

"சாமிக்கு நம்பர் ப்ளேட் இருக்கு, அக்கா."

"பிளாக் கல்," என்றாள் கலாவதி. "எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல பிரிவுக்கு ஒண்ணு நட்டிருப்பாங்க. பதினாலாம் பிளாக். கன்னு வெச்ச வருசம் எண்பத்தேழு."

அவள் கல்லின் பக்கவாட்டை விரலால் தடவினாள். வரிவரியாக மேடு தட்டியது. செல்பேசியில் நான்கு படம் எடுத்துக்கொண்டாள்.

விலை இறங்கினால் யாருக்கு லாபம்? கைருதீனிடம் பதில் தயாராக இருந்தது, ஆனால் அவனுக்கு அது பிடிக்கவில்லை. தாமான் முகப்பில் உணவகம் வைத்திருக்கும் கிஃபாயத்துல்லா, இதே வரிசையில் ஏலத்தில் இரண்டு வீடுகள் எடுத்தவர். இருபத்தேழு கடைசி வீடு, பக்கவாட்டில் நிலம் அதிகம். அதன் மேல் அவருக்குக் கண் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் கைருதீனின் தாய்மாமா முறை.

உணவகத்தில் தேநீர் வருவதற்கு முன்பே அவர் விஷயத்தை ஊகித்துவிட்டார். மறைக்கவில்லை. மூன்றாவது ஏலத்துக்கு முன்பணம் கட்டப் போகிற வழியில் வீட்டைக் கடைசியாக ஒரு முறை பார்க்கப் போனாராம். சாமியைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டாராம். பள்ளிவாசலுக்குப் போகிறவன் சாமியைப் பிடுங்கினான் என்று யாராவது படம் பிடித்துப் போட்டால், மறுநாள் கடையில் ஈ கூட உட்காராது.

"நீங்களே வெச்சுட்டு நீங்களே எடுக்கலாம்ல, மாமா," என்றான் கைருதீன். "விலை இறங்குன பொறவு."

கிஃபாயத்துல்லா கோபப்படவில்லை. தேநீரை அவன் பக்கம் தள்ளினார்.

"விளக்கு எரிஞ்சுச்சா, பாத்தியா?"

"இல்ல."

"நான் வெச்சிருந்தா தெனமும் எரிஞ்சிருக்கும்லா. ஆளு வெச்சு மேளமும் அடிச்சிருப்பேன். யாவாரத்த அரைகுறையா செய்யக் கூடாது."

கலாவதி முதன்முறையாகச் சிரித்தாள். எழுந்து, தேநீருக்குக் காசு வைத்தாள். அவர் வாங்கவில்லை.

காரில் கைருதீன் இருக்கைப் பட்டையை மாட்டினான். பிறகு, மாமா சொன்னது சாட்சி ஆகுமா என்று கேட்டான்.

"சாட்சி இல்ல. ஆனா சரி," என்றாள் கலாவதி. "நம்பிக்கை இல்லாதவன் தாராளமா ஏத்துவான், அவனுக்கு அது வெறும் தீ. விளக்கு ஏத்துனா அந்தக் கல்லு சாமி ஆயிடும்னு நம்புறவன் மட்டும்தான் ஏத்தாம இருப்பான். சாமிய வெச்சு ஏமாத்தவும் பயம். அதனாலதான் கோயில் கல்லை எடுக்கல. நம்பர் போட்ட கல்லைக் கொண்டாந்து வெச்சிருக்கான்."

"பக்தியான திருடன்."

"பூட்டை உடைக்கல. சாவி உள்ளவன்."

அந்த வீட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று குமுதாவிடம். மற்றது அண்ணனிடம். கணேஸ்வரன் இப்போது ரவாங்கில் லோரி ஓட்டுகிறான். கலாவதி அவனை அழைத்தாள். அவன் தங்கையைப் பற்றிப் பேசவே கூச்சப்பட்டான். சாவி இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது என்றான். வீட்டுப் பக்கம் போயே ஒரு வருடம் ஆகிறது என்றான். அவன் பெயரில் இனி எதையும் வாங்க முடியாது. ஆனால் நண்பன் பெயரில் வாங்கலாம், அடிமட்ட விலை வரும் வரை காத்திருந்து. கைருதீன் அப்படிப் பத்துப் பேரைப் பார்த்திருந்தான். அழைப்பு முடிந்ததும் அதைச் சொன்னான்.

"கூடப் பொறந்தவளோட கையெழுத்துலயே கடன் வாங்கி, அவளையே கவுத்துட்டு, மறுபடி அவ வீட்டையே எடுக்குறது. இதுக்கு நாங்க ஒரு பேரு வெச்சிருந்தோம். குடும்ப முதலீடு."

கலாவதி வண்டியைக் கலும்பாங் பக்கம் திருப்பினாள்.

பதினாலாம் பிளாக் எல்லாத் தோட்டத்திலும் இருக்கும் என்று அவன் ஆட்சேபித்தான். இருக்கும், ஆனால் பிளாக் கல்லை எல்லாரும் மரச்சட்டத்தில் வார்ப்பார்கள், பக்கம் வழவழப்பாக வரும் என்று அவள் விளக்கினாள். கலும்பாங் பக்கத்தில் ஒரே ஒரு தோட்டத்தில் மட்டும் பழைய மண்ணெண்ணெய் டின்னில் வார்த்தார்கள். டின்னின் வரி கல்லில் விழுந்திருக்கும். அந்தத் தோட்டம் விற்பனைக்கு வந்தபோது மதிப்பீட்டாளரோடு சேர்ந்து அத்தனை கல்லையும் அவள் எண்ணியிருக்கிறாள்.

ஒன்றேகால் மணி நேரப் பயணம். வழியில் மழை பிடித்துக்கொண்டது.

தோட்டம் இப்போது தோட்டம் இல்லை. வாசலில் பெரிய பலகை. எண்ணூறு வீடுகள், நீச்சல் குளம், சிரிக்கும் ஒரு குடும்பம். பலகையின் ஒரு மூலை காற்றில் கிழிந்து ஆடியது. பின்னால் வெட்டிச் சாய்த்த பனைகளும் செம்மண்ணும். வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. முன்பதிவு போதவில்லை என்று மேம்பாட்டு நிறுவனம் இரண்டு வருடமாக வேலையை நிறுத்தி வைத்திருந்தது.

"இதுலயும் ரெண்டு வீடு வித்தேன்," என்றான் கைருதீன். "காகிதத்துல. ரெண்டு பேரும் இப்ப என்கிட்ட பேசுறதில்ல."

காவல் கொட்டகையில் முருகையா இருந்தார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். இப்போது அதே மண்ணுக்குக் காவலாளி. கலாவதி கல்லின் படத்தைக் காட்டினாள். அவர் தயங்காமல் தலையாட்டினார்.

"இங்கதான் கெடந்துச்சு. எந்திரத்த விட்டுப் பொறட்டுனப்ப ஒரு குவியலா போட்டுட்டாங்க. ஒரு ஆளு வந்து ஒண்ணு கேட்டாரு. அப்பாரு வேல செஞ்ச பிளாக்காம். ஞாபகத்துக்குன்னாரு. சும்மா கெடக்குற கல்லு, எடுத்துக்கப்பான்னு நானே தூக்கிவிட்டேன்."

"இவரா, ஐயா?"

கலாவதி கணேஸ்வரனின் படத்தைக் காட்டினாள். குமுதாவின் கோப்பிலிருந்த வீட்டு ஒப்பந்த நாளன்று எடுத்தது. அண்ணனும் தங்கையும் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

முருகையா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இந்த ஆளு இல்ல."

கைருதீன் மேசையிலிருந்த வருகைப் புத்தகத்தை இழுத்தான்.

உள்ளே வரும் வண்டியை எல்லாம் புத்தகத்தில் பதிய வேண்டும் என்பது நிறுவனத்தின் உத்தரவு. வண்டியே வராத இடம், அதனால் புத்தகம் இன்னும் பாதிகூட நிரம்பவில்லை. மார்ச் மாதப் பக்கத்தில் ஆறு வரிகள்தான். மார்ச் ஒன்பது. வெள்ளை சாகா. காரின் பதிவு எண். வந்தவர் பெயர் இருந்த இடத்தில் மழைநீர் பட்டு மை பரவியிருந்தது.

கலாவதி எண்ணைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு குமுதாவின் கோப்பைத் திறந்து, சொத்துப் பட்டியலைப் புரட்டினாள். ஒரு கார். வெள்ளை சாகா. அதே எண்.

"நம்ம வாடிக்கையாளரா?" என்றான் கைருதீன். "அவங்களே வெச்சுட்டு, அவங்களே நம்மகிட்ட வந்து..."

"ஒரு ஆளு வந்தாருன்னு சொன்னாரே. பொம்பளைன்னா சொன்னாரு? அவங்க காரும் சாவியும் கைக்கு எட்டுற ஆம்பள யாரு?"

அவள் கோப்பில் இன்னொரு தாளைத் தேடி எடுத்தாள். சிங்கப்பூர் மருத்துவமனையின் வேலைக் கடிதம். தேதி மார்ச் ஆறு. கல் போனது ஒன்பது. சாமி வந்தது அந்த வாரம்.

அவள் கொட்டகையின் பெஞ்சில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. முருகையா நல்ல மனிதர், தேநீர் போடவா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள்.

"காலைலருந்து விலை குறையணும்னு நினைக்கிறவனத் தேடிக்கிட்டு இருந்தோம்," என்றாள். "இவனுக்கு விலை முக்கியமே இல்ல. ஏலம் தவறுனா போதும்."

கைருதீன் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் அவன் போய்க் கார்க் கதவைத் திறந்தான்.

ரவாங்கில் குமுதாவின் வீடு அடுக்குமாடியில் மூன்றாவது தளம். அவர்கள் போனபோது மாலை ஐந்தரை. குமுதா வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், சீருடையைக்கூட மாற்றவில்லை. கூடத்தில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. மடித்த துணி பாதி வரை. செல்வா அடுப்படியில் இருந்தான். தேநீர்க் கோப்பைகளின் சத்தம் கேட்டது.

யார் என்று குமுதா கேட்டாள். அண்ணனா என்று கேட்டாள். இரண்டு இரவாக அதையே நினைத்துத் தூங்கவில்லை என்றாள்.

கலாவதி செல்பேசியை மேசையில் வைத்தாள். படத்தில் காவல் கொட்டகைப் புத்தகத்தின் பக்கம்; சாமிக் கல் அங்கிருந்து போனது என்றாள்.

குமுதா குனிந்து படித்தாள். தேதியை. ஊரை. கார் எண்ணை. எண்ணின் மேல் விரலை வைத்தாள். அப்படியே வைத்திருந்தாள்.

செல்வா தட்டோடு வந்தான். திரையைப் பார்த்தான். தட்டைக் கீழே வைக்க இடம் தேடி, கடைசியில் தரையில் வைத்தான்.

"யார்கிட்ட காசு வாங்குனீங்க?" என்று குமுதா கேட்டாள். "யாருக்கு வேணும் அந்த வீடு?"

"யாருக்கும் இல்ல."

"அப்ப எதுக்கு?"

அவன் கலாவதியைப் பார்த்தான். அவளே சொல்லிவிடட்டும் என்பதுபோல. கலாவதி வேலைக் கடிதத்தை எடுத்து, புத்தகப் பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தேதிமேல் தேதி பொருந்தும்படி.

"அவருக்கு வீடு வேண்டாம்மா," என்றாள்.

குமுதா இரண்டையும் பார்த்தாள். பிறகு தன் பெட்டியைப் பார்த்தாள்.

செல்வா பேசத் தொடங்கினான். சத்தமில்லாமல், வேலைக்கு விண்ணப்பிக்கும் குரலில். முதலில் ஒரு ஏலம் தவறினால் போதும் என்றுதான் நினைத்தானாம். அதற்குள் அவளே மனசு மாறிவிடுவாள் என்று. பிறகு நிறுத்தத் தெரியவில்லை. தொழிற்சாலையில் அவன் கீழே இருந்த நாற்பது பேரில் எத்தனை பெண்கள் சிங்கப்பூருக்குப் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று அவனுக்குக் கணக்குத் தெரியும். தனக்கு வேலை இல்லை, பிள்ளை இல்லை. அவளும் போனால் இந்த வீட்டில் தான் என்ன செய்வது? திவால் வழக்கு வந்திருந்தால் கூடவே நின்றிருப்பேன், கோர்ட்டுக்குக் கூட்டிப் போயிருப்பேன் என்றான். அதை அவன் உண்மையாகவே சொன்னான். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

குமுதா அழவில்லை. சீருடையில் செருகியிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்கு வந்து அவளோடு சேர்ந்து சாமி படத்தின் முன் அதே முனீஸ்வரனிடம்தானே அவர் வேண்டிக்கொண்டார், ஏலம் போக வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு, என்றாள். அவனிடம் சொல்லவில்லை. கலாவதியிடம் சொன்னாள்.

கைருதீன் வாசல் பக்கம் போய் நின்றான்.

"நாளைக்குக் காலைலயே எடுத்துர்றேன்," என்றான் செல்வா. "இன்னும் ஆறு நாள் இருக்குல. ஆளுங்க வருவாங்க. வீடு போயிடும், குமுதா."

அவள் பெட்டியருகே போனாள். மேலே இருந்த சேலையை எடுத்தாள். அதற்கு அடியில் அவனுடைய சட்டைகள் இரண்டு இருந்தன. சிங்கப்பூரிலிருந்து அவனையும் ஒரு மாதத்தில் அழைத்துக்கொள்வதற்கான படிவம் ஒன்று, அவள் கையெழுத்தோடு, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"நான் உங்கள விட்டுட்டுப் போறேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"